நான்காம் அணி

ஊத்துக்கோட்டை. ஏழாம் வகுப்பு. சாப்பாட்டுக்குப் பின் முதல் பீரியட்.
நாலு பேருக்கு ஒரு தாள்.
உண்மையைச் சொன்னால், ஜெராக்ஸ் கடையில்
கரண்ட் போனதால் பிறந்த திட்டம்.

தேஜஸ்ரீ வாசிக்கிறாள், ஒரு காற்புள்ளி பிசகாமல்:
"அன்றிரவு ஆறு கரையை மறந்தது."
என்ன புரிந்தது என்று கேட்டால்
மறுபடி வாசிக்கிறாள், இன்னும் சத்தமாக.

கேள்வி அட்டை ரஹ்மத்துல்லாவிடம்.
"எந்த ஆறு?"
பெஞ்சலய்யா ஒரு கையை விரித்து
மறு கையில் ஒரு விரல் நீட்டுகிறான்.
அவன் வீட்டில் ஆறு என்றால் அவ்வளவுதான்;
ஓடுகிற தண்ணீருக்குப் பெயர் ஏரு.
"ஏரா? அது உழுவதாச்சே" என்கிறாள் குணவதி.
சொல் தேடும் அட்டை அவளிடம்தான் இருக்கிறது.

எழுந்தேன். உட்கார்ந்துவிட்டேன்.
கால் குட்டையான நாற்காலி மட்டும் ஏதோ சொன்னது.

தாளின் ஓரத்தில் இப்போது
ஒரு மாடு, ஒரு 6, ஒரு வளைகோடு.
கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பஸ் வரைந்து நிறுத்துகிறான்
எழுத்துக்கூட்டவே திணறும் பெஞ்சலய்யா.
பாதி தெலுங்கு, பாதி தமிழ்:
பிச்சாட்டூரில் அணை திறந்த ராத்திரி
தரைப்பாலத்தைக் காணோம்.
நான்னா அந்தக் கரையில்.
மூணு நாள்
அம்மா அடுப்பு மூட்டவில்லை.

தேஜஸ்ரீ தாளைத் தன் பக்கம் இழுத்தாள்.
இந்த முறை மெதுவாக.
"கரையை" வந்ததும் நின்று
அவனைப் பார்த்துவிட்டுத்தான்
அடுத்த சொல்லுக்குப் போனாள்.

சுருக்கி எழுதும் அட்டை பெஞ்சலய்யாவுடையது.
ஒரே ஒரு சொல் எழுதியிருக்கிறான்.
அதில் வருவது சின்ன ரகரமா, பெரிய றகரமா என்று
மணி அடித்த பிறகும்
நாலு பேரும் சண்டை.