மூன்றாவது குடுவை

பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு.
எமாயோகி உறைந்து கிடக்கிறது.
அந்தப் பெயருக்கு எங்கள் மொழியில் தாயாறு என்று பொருள்.
பாலத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும்போது
அதுவெல்லாம் நினைவுக்கு வருவதில்லை.
விரல்தான் நினைவுக்கு வருகிறது,
இருக்கிறதா இல்லையா என்று.

இன்குபேட்டரைத் திறந்தால் முப்பத்தேழு.
தார்த்து நகரத்தில் இந்நேரம்
இவ்வளவு கதகதப்பு
ஒரு சின்ன அலமாரிக்குள் அடைபட்டிருக்கிறது.

உள்ளே மூன்று குடுவைகள்.
மூன்றிலும் கால்யு ராய்ட்மாவின் ரத்தத்திலிருந்து பிரித்தவை.
காட்டில் மரமறுக்கும் இயந்திரம் ஓட்டுகிறவர்.
முதுகில் ஒரு மச்சம்.
எடுத்துவிட்டார்கள்,
அது நுரையீரலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு.

இதுவரை எதையும் கொன்றிராத டி-செல்கள்.
திங்களன்று பகையின் ஒரு துணுக்கைக் காட்டினோம்,
மூன்றுக்கும் ஒரே அளவு.
முகம் தெரிந்துவிட்டது.
ஆனால் ஆளைத் தெரிவது வேறு, கை ஓங்குவது வேறு.
இடையில் யாராவது
ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த வார்த்தை எங்கள் உறைபெட்டியில்
நகக்கண் அளவுக் குழாய்களில் இருக்கிறது.
சைட்டோகைன். கண்ணுக்குத் தெரியாது, விலை தெரியும்.
"கொட்டிவிடாதே வீர்வே, என் அரைமாதச் சம்பளம்"
என்பாள் லேலோ ஒவ்வொரு முறையும்.

முதல் குடுவைக்கு இன்டர்லூக்கின் இரண்டு,
தாராளமாக.
நான்காம் நாளே சிவந்த திரவம் மஞ்சளாகிவிட்டது.
அவ்வளவு பசி.
திராட்சைக் குலையாய்த் திரண்டு,
மடி நிறைய நஞ்சுத் துகள்களைக் கட்டிக்கொண்டு,
துளையிடும் பெர்ஃபோரினைத் தீட்டிக்கொண்டு.
கட்டியின் செல்களைத் தட்டில் பரப்பி எதிரே விட்டேன்.
சத்தமில்லை. தொட்டன, அவ்வளவுதான்.
நான்கு மணி நேரத்தில் தட்டு வெறிச்சோடியது.
எனக்குப் பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.
பத்தாம் நாள் சாயமேற்றி எண்ணினேன்:
செத்தவை நீலமாகும்.
கண்ணுக்கெட்டியவரை நீலம்.

இரண்டாவதற்கு இன்டர்லூக்கின் பதினைந்து.
தட்டுவது முக்கால்வாசி அதே கதவைத்தான்,
கேட்கிற குரல் வேறு.
இவை சிறுத்தவை, மந்தமானவை.
திரவம் சிவப்பாகவே இருந்தது, வாரம் கடந்தும்.
எதற்கும் லாயக்கில்லை என்று நினைத்தேன்.
இருபதாம் நாள் பழைய முகத்தை மறுபடி காட்டினோம்.
கொஞ்சம்தான் மிஞ்சியிருந்தன;
அத்தனையும் நிமிர்ந்தன.
உப்பிட்டவரை நினைப்பது மனிதர் வழக்கம்.
இவை பகைவரை நினைக்கின்றன.

மறுநாள் ரத்தம் கொடுக்க வந்த கால்யு
மின்தூக்கி அருகே என் அட்டையைப் படித்துவிட்டு
"என் பையன்கள் எப்படி?" என்றார்.
நான் பதில் சொல்லக் கூடாது.
"மெதுவானவர்கள் தேவலை" என்றேன்.
"ஸ்ப்ரூஸும் அப்படித்தான்," என்றார்,
"வேகமாய் வளர்ந்த மரத்தில் ஆணி நிற்காது."
பிறகு வெகுநேரம் இருமினார்.

மூன்றாவதைப் பற்றி அவர் கேட்கவில்லை.

மூன்றாவது, ஒப்பீட்டுக்கு.
சர்க்கரை உண்டு, உப்பு உண்டு,
அதே முப்பத்தேழு டிகிரி உண்டு.
வார்த்தை மட்டும் கிடையாது.
இரண்டாம் நாள் இரவு
பிபெட் நுனியில் ஒரு துளி மிச்சம் நின்றது.
அந்தக் குடுவையின் மூடி திறந்திருந்தது.
என் கை கொஞ்சம் நகர்ந்தது.
லேலோ பார்த்தாள், எதுவும் சொல்லவில்லை.
நுனியைக் கழற்றிக் குப்பையில் போட்டேன்.

யாரும் கொல்லவில்லை அவற்றை.
ஐந்தாம் நாளுக்குள் தாமாகவே சுருங்கி,
உள்ளிருந்ததை அழகாகச் சிறு பொட்டலங்களாய் மடித்து வைத்துவிட்டு,
யாருக்கும் தொந்தரவில்லாமல்.

பிளீச் ஊற்றினேன்.
நோட்டில் "எதிர்பார்த்தபடி" என்று எழுதினேன்.
பேனாவை மூட மறந்து
அந்தச் சொல்லருகிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்,
விளக்கை அணைக்கலாமா என்று
லேலோ கேட்கும்வரை.