சிவப்பு நட்சத்திரம்

மண்டபத்தில் ஐஸ் பிளான்ட்டுக்கு மேல்மாடி.
கீழே கட்டி உடையும்போதெல்லாம்
எங்கள் மேஜையில் டீ நடுங்கும்.
நாலு பேர் வேலை செய்கிறார்கள்.
நான் அவர்களுடைய நாள்களை எண்ணுகிறவள்.

சுவரில் மூன்று பத்தி:
செய்யணும், செய்றோம், முடிஞ்சது.
உப்புக் காற்றில் மஞ்சள் சீட்டு ஒட்டி நிற்காது.
ஒருநாள் காலை வந்து பார்த்தால்
முடிஞ்சதெல்லாம் தரையில் கிடந்தது.
அப்புறம் வலைநூல் கட்டி கிளிப் மாட்டினோம்.

திங்கள் ஒன்பதரைக்கு, நின்றபடியே கேட்பேன்.
எத்தனை நாள், பவுசியா?
மூணுக்கா.
முனியராஜ்?
அவன் ஜன்னலைப் பார்ப்பான்.
அஞ்சு போட்டுக்கங்க.
போட்டுக்கொள்வேன்.
சென்னைக்கு அனுப்புவேன்.
சென்னை அதை ஒரு வரைபடமாக்கி
எனக்கே திருப்பி அனுப்பும்.

தடைக்காலம் முடிகிற ராத்திரி வெளியீடு.
விசைப்படகு டோக்கன் இனிமேல் போனில்.
சோதனைகள் அத்தனையும் பச்சை.
விடிகாலை நாலு மணிக்குத் திரையைப் பார்க்கிறேன்:
முந்நூற்றுப் பன்னிரண்டு படகில்
டோக்கன் எடுத்தவை ஒன்பது.
சர்வர் ஓடுகிறது. பிழை ஒன்றுகூடப் பதிவாகவில்லை.

ஜெட்டிக்கு ஓடினேன்.
வரிசையாக எஞ்சின்கள் உறுமிக்கொண்டு நிற்கின்றன,
டீசல் புகையில் யார் முகமும் தெரியவில்லை.
சங்கக் கணக்கர் இன்னாசிமுத்து
போனை என் கண்ணுக்கு நேரே நீட்டினார்.
கடைசிப் பெட்டி: திரும்பும் நேரம்.
பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம்.

"கட்டாயமாம்ல.
கெளம்புற மனுசன எங்க போறேன்னே
கேக்கமாட்டோம் நாங்க.
நீங்க எப்ப வருவேன்னு எழுதி வாங்குறீங்க."

அப்போ அந்த ஒன்பது பேர்?

"நாலு பூஜ்யம் போட்டானுக."

தேவைப் பட்டியலில் நாற்பத்தோராம் வரி.
எழுதியது நான்.
சரிபார்த்த மூன்று கையெழுத்தில் ஒன்றும் நான்.
நட்சத்திரத்தை எடுக்க
முனியராஜுக்கு ஒரு நிமிஷம் போதும்.
ஆனால் படிவம் இல்லாமல்
ஒரு எழுத்தும் மாறக்கூடாதென்று
போன வருஷக் குளறுபடிக்குப் பிறகு
விதி போட்டவளும் நான்தான்.

மீன்பெட்டி மேல் லேப்டாப்பை வைத்து
மாற்றக் கோரிக்கையைத் திறந்தேன்.
காரணம்: எழுதினேன்.
பாதிப்பு: கொஞ்சம் யோசித்து, எழுதினேன்.
முடியும் நேரம்:
பக்கத்தில் அதே சிவப்பு.

வெறுமையாக விட்டு அழுத்தினேன்.
மறுபடி அழுத்தினேன்.
படிவம் நகரவில்லை.

தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த இன்னாசிமுத்து
சன்னமாகச் சொன்னார்:
"பூஜ்யம் போடுங்க.
எடுத்துக்கிரும்."