பத்து மில்லி

அஜ்மான், ஜுர்ஃப், பதினோராம் ஷெட்.
வெளியே நாற்பத்தாறு, உள்ளே பதினெட்டு;
இருக்கிற ஒரே ஜாக்கெட்டை
நானும் பெமாவும் மாற்றி மாற்றிப் போடுகிறோம்.

ஜாடியில் தேன் கரைத்த நீர்.
லிட்டருக்கு இரண்டு கரண்டி இலந்தைத் தேன்,
ஏமன்காரர் கடையில் கடன் சொல்லி வாங்கியது.
அடியில் காந்தத்துண்டு சுழலச் சுழல,
கொதிக்கும் ரசத்தில் விட்ட முட்டைவெள்ளையாய்
நூல் நூலாகச் சிப்பிக்காளான்.

நூலிடையே நீர் தெளிந்திருந்தால் சரி.
கலங்கினால் வேறு எவனோ குடியேறிவிட்டான்.
தெளிந்திருந்தும் ஏமாற்றும்:
போன மாதம் முந்நூறு பை பச்சை பூத்து
குப்பை லாரி ஏறின,
பெமாவின் பாதிச் சம்பளமும் கூடவே.

அதனால்தான்
அகார்த் தட்டில் ஒரு சொட்டு விட்டு
ஐந்து நாள் பொறுக்கிறோம்.

இன்று காலை எனக்கு விசா மெடிக்கல்.
நர்ஸ் ஊசியை எடுத்தாள்.
தீயில் காட்டவில்லையே என்று
வாய்வரை வந்தது.
ரத்தக் குழாயை இரண்டு முறை கவிழ்த்தாள்,
நான் ஜாடியைக் கவிழ்ப்பதுபோல, முகத்தைப் பாராமல்.
"மெசேஜ் வரும்."

ராத்திரி.
தட்டில் வெள்ளை, சுத்தமான வெள்ளை.
பெமா பத்து மில்லி இழுத்து
முதல் சோளப் பையில் இறக்குகிறாள்.

மேஜையில் என் கைபேசி,
குப்புற.