ஏழாவது டேக்

ஆனி மாதம் இராப்பகலாகக் கூழ் ஓடும் ஆலை.
மார்கழியில் வாட்ச்மேன் மட்டும் இருப்பார்.
இரவுக்கு நானூறு ரூபாய் பேசி
குளிர்பதன அறையைத் திறந்து வாங்கினோம்.
சுவரெல்லாம் தெர்மாகோல். எதிரொலி கிடையாது.
பெங்களூரா மாம்பழத்தின் புளித்த வாசம்
கிட்டார் கம்பி வரைக்கும் ஏறியிருந்தது.

பேண்டின் பெயர் முக்கால் ஜல்லி.
கிருஷ்ணகிரியில் ராக் வாசிப்பவர்கள்
வேறென்ன பெயர் வைப்பார்கள்.
டிரம்ஸ் திம்மராயன்,
பகலில் கிரானைட்டுக்குப் பாலிஷ் போட்டுப்
பாதிக் காதைக் கொடுத்தவன்.
லீட் கிட்டார் மாதேஷ். குரல் தபசும்.
பேஸ் நான்,
சுங்கச்சாவடியில் ஆறாவது கவுண்டர்.

ஏழாவது டேக்கில்தான் அது வந்தது.
இரண்டாம் சரணம் முடிகிற இடம்.
தபசும் குரலை மெல்ல இறக்கினாள்,
மாதேஷ் ட்ரெமலோ கம்பியை அமுக்கினான்,
என் விரல் ஒரு கட்டை பின்னால் வழுக்கியது,
திம்மராயனின் கால் ஒரு நொடி தாமதித்தது.
மேட்டில் திணறும் தண்ணி லாரி மாதிரி
பாட்டு மொத்தமும் சரிந்து
பிறகு தானாக ஏறி நின்றது.
ஒத்திகையில் அப்படி எதுவும் இல்லை.
யாரும் யாருக்கும் சைகை காட்டவும் இல்லை.

போட்டுக் கேட்டபோது எனக்கு முழங்கை சிலிர்த்தது.
தபசும் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தாள்.
"இது கௌசல்யா பஸ் பாட்டு."

அதற்குமேல் யாருக்கும் சந்தேகம் இல்லை.
அந்த பஸ்ஸில்தான் நாலு பேரும் பள்ளிக்கூடம் போனோம்.
முதலாளி சொந்தக் காசில் போட்ட பாட்டு.
"போற வண்டி போகட்டும், நீ இதுல ஏறிக்கோ",
காலையில் ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை,
பன்னிரண்டு வருஷம்.
இரண்டாம் சரணத்தின் முடிவில்
அதே சரிவு, அதே திணறல்.

திருட்டுதான் என்றான் மாதேஷ்,
தெரியாமல் எடுத்தாலும்.
வழக்குப் போட முதலில்
நம் பாட்டை யாராவது கேட்க வேண்டுமே என்றான் திம்மராயன்.
ஆல்பத்தில் ஆறாவது டேக் போனது.
சுத்தமான டேக். அதை நாங்களே
இரண்டாம் முறை கேட்கவில்லை.
ஏழாவதுக்கு "வேண்டாம்" என்று பெயர் போட்டுப்
பென் டிரைவில் வைத்துக்கொண்டேன்.

வாரவிடுப்பில் காவேரிப்பட்டணம் போனேன்.
லூர்துநாதன். ஒரு காலத்தில் ரிக்கார்டிங் சென்டர்,
இப்போது செல்போன் கவர், சார்ஜர், ரீசார்ஜ்.
பஸ் பாட்டுக்கு மெட்டும் வரியும் கீபோர்டும் அவர்தான்.
நான் மன்னிப்பைத் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன்.

ஒரு காதில் மட்டும் இயர்ஃபோன் வைத்துக் கேட்டார்.
கேட்டு முடித்து, பரணிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து
ஊதி, ஓடவிட்டார். மூலப் பிரதி.
அந்த இடம் வந்தது.
நேராகப் போனது.

"இறங்குதே அது என் பாட்டுல கிடையாது தம்பி.
சாயந்திரம் ஆறரைக்கு த்ரீ ஃபேஸ் விடுவான்.
ஆத்தோரத்து மோட்டார் எல்லாம் ஒண்ணா எழுந்திருக்கும்.
காப்பி எடுக்கறப்போ பாடற டெக்கு மூச்சு வாங்கிடுச்சு.
பூஜைக்கு பஸ் நிக்குது, வாசல்ல ஓனர் நிக்கறாரு.
அப்படியே கொடுத்தனுப்பிட்டேன்."

ஆக, நாங்கள் திருடியது
தென்பெண்ணைக் கரையில் என்றோ ஒரு நாள்
யார் யாரோ வயலுக்குத் தண்ணீர் விட்டதை.
எனக்குச் சிரிப்பு வந்தது.
மின்வாரியத்துக்கு ராயல்டி கட்டலாம் என்று
சொல்ல வாயெடுத்தேன்.

அவர் சிரிக்கவில்லை.
இயர்ஃபோனை இந்த முறை இரண்டு காதிலும் செருகி
முதலிலிருந்து வைக்கச் சொன்னார்.
கண்ணை மூடித் தேடினார்,
கூட்டத்தில் பிள்ளையைத் தேடுகிறவர் போல.
முடிந்ததும் கேட்டார்:
"என் பாட்டு இதுல எங்கயும் இல்லையா?"

இருக்கு சார் என்றேன்.

எங்கே என்று கேட்டார்.

அப்போது யாரோ
டெம்பர் கிளாஸ் ஒட்ட வந்தார்கள்.