திருத்திய வரவுசெலவு

ஊரடங்கின் பதினோராம் நாள்.
ஹெவ்லொக் வீதி அறையில், குக்கருக்குப் பக்கத்தில்
மடிக்கணினியைத் திறந்து வைத்திருக்கிறேன்.
பதினேழு திட்டங்கள்.
பதினேழும் ஆட்களைக் கூட்டுவதற்கென்றே
நாங்கள் காசு கொடுத்தவை.
கூடாதே என்கிறது வானொலி.

தலைமையகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல்:
செலவாகாத தொகையை ஏப்ரல் முடிவுக்குள் திருப்புக.
திருப்புக.
சப்பாத்துக்கு மினுக்கம் போட்டு வாசலில் வந்து நிற்கிற சொல்.

முதல் அழைப்பு ரிஃப்கானுடையது.
மாளிகாவத்தை மாடிவீடு, நாலாம் தட்டு,
நாடகங்களுக்கு லைட் போடுகிறவர்.
"மிஸ், லைட்டு வாடகக் காசுல பால்மா வாங்கேலுமா?
கேக்கக் கூடாதுதான்.
கேக்குறேன்."

உடனே பதில் சொல்லவில்லை.
ஒளியமைப்பு என்ற நிரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
முப்பத்தெட்டாயிரம்.
பால்மாவும் வெளிச்சமும் ஒரே நிறம்.
பகிடி விடவில்லை,
அந்த இரவில் எனக்குக் கிடைத்த ஒரே வாதம் அது.

கொட்டாஞ்சேனையில் செலஸ்ரினா.
அவளுடைய நாடகத்தில் ஒன்பது பேர்,
ஏழு பேர் நாட்கூலி.
"ஒத்திகை நிண்டது பரவாயில்லை அக்கா,
பார்சல் நிண்டதுதான்."
ஒத்திகையில் கொடுத்த சோற்றுப் பார்சலை
ஒருவரும் அங்கே பிரித்ததில்லையாம்.
பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவார்களாம்.
இரண்டு வருடமாக நான் கையெழுத்திட்ட தாளில்
அதற்குப் பெயர் சிற்றுண்டி.

கொம்பனித்தெருவில் சுவர் வரைய இருந்த நிமலேந்திரன்
எதையும் கேட்கவில்லை.
வங்கிச் சிட்டையைப் படமெடுத்து அனுப்பியிருந்தார்.
பன்னிரண்டாயிரம் திருப்பி வைப்பிலிட்டாயிற்று.
வேலை செய்யேல்லை, ஆகவே.
அந்த ஆகவேக்குப் பிறகு ஒன்றும் இல்லை.
வங்கி திறந்த அரைநாளில்
இதற்காகவா வரிசையில் நின்றீர், மனுசா?
எனக்குக் கோபம் வந்தது.
அவருடைய மானம் என் கணக்கைக் குழப்பிவிட்டது.
சுவர் எங்கேயும் போகாது, காசைத் திரும்ப எடுங்கள் என்று எழுதினேன்.
நாலு நாள் கழித்து
ஒரு கட்டைவிரல் படம் மட்டும் வந்தது.
அது சரி என்பதா, போதும் என்பதா,
இன்னும் தெரியாது.

பணிப்பாளர் ஷிராணியிடம் கேட்டேன்.
"தலைப்பை மாத்து. தொகையை மாத்தாதே."
அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

அன்றிரவு முழுக்கப் பெயர் சூட்டினேன்.
அரங்க வாடகை, கலைஞர் பராமரிப்பு ஆயிற்று.
பராமரிப்பு என்று கூரைக்குச் சொல்வோம்,
ஜெனரேட்டருக்குச் சொல்வோம்.
ஆளுக்குச் சொல்ல
ஒரு கிருமி வரவேண்டியிருந்தது.
போக்குவரத்தை அரிசி என்று எழுத முடியவில்லை.
இடர்காலக் கொடுப்பனவு என்று எழுதினேன்.
அரிசிக்கும் கோட்டு போட்டால்தான் உள்ளே விடுவார்கள்.

இருபத்திமூன்றாம் நிரையில் என் சம்பளம்.
ஜூனில் முடிகிறது.
படியில் தூங்குகிற நாயைத் தாண்டுவதுபோல
அதைத் தொடாமல் கீழே இறங்கிப் போனேன்.

மே மாதம் ரிஃப்கான் நாற்பது செக்கன் காணொளி அனுப்பினார்.
உடுப்புக் காயப்போடும் கம்பியில் மூன்று லைட்.
ஒன்று சிவப்பு, ஒன்று அம்பர்,
ஒன்று எரிந்து எரிந்து அணைகிறது.
நடிகர் இல்லை, வசனம் இல்லை.
எதிர்ச் சுவரில் ஒரு பெனியனின் நிழல்
யானையளவு ஆகி, மெல்லச் சுருங்குகிறது.
எங்கேயோ ஒரு பிள்ளை கத்துகிறது,
"இன்னொருக்கா!"

நான் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார்:
"காச சும்மா எடுக்க மனசு வரல்ல மிஸ்."
அதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?
சும்மா எடுங்கள் என்றுதான்.
சொல்லவில்லை.
படிவத்தில் இருந்ததைக் கேட்டேன்: பார்வையாளர் எத்தனை பேர்?
"ஆள் எண்ணல்ல. எதிர் மாடில
ஜன்னல் பதினாலு தொறந்திச்சு."

பெண், ஆண், மொத்தம் என்று மூன்று கட்டங்கள்.
மொத்தத்தில் எழுதினேன்:
ஜன்னல் 14.

தலைமையகம் விளக்கம் கேட்கும்.
கேட்டால், காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில்
மூன்றாம் தட்டில் இன்னொன்று
பாதி திறந்திருந்ததையும்
சொல்ல வேண்டிவரும்.