நூற்றெண்பது

ஆத்தூர் ரோட்டு சேகோ மில்லில்
ஈர மாவு கேட்டேன், கால் கிலோ.
எதுக்கும்மா என்றார் எடை போட்டவர்.
மருந்து செய்ய என்றேன்.
கால் கிலோவில் என்ன மருந்து என்று சிரித்தார்.
எனக்கு ஒரு கிராமே அதிகம் என்று
சொல்லவில்லை.

அங்கே சாக்குத் தொட்டிலில் மாவைக் கொட்டி
ஆட்டுகிறார்கள்.
ஆட்ட ஆட்ட உருள்கிறது,
உருள உருள மணி.
இங்கே கருப்பூரில், இரண்டாம் மாடியில்,
அதே மாவை வெந்நீரில் கரைத்து
எத்தனாலைச் சொட்டுச் சொட்டாக விடுகிறேன்.
குடுவையின் அடியில் ஒரு காந்தத் துண்டு
பைத்தியம் பிடித்தாற்போல் சுற்றுகிறது.
அவர்கள் மணி கண்ணில் படவேண்டும், பாயசத்தில்.
என் மணி கண்ணில் பட்டால்
அன்றைக்கு வேலை வீண்.

எனக்கு வேண்டிய அளவு இதுதான்:
ஒரு தலைமுடியின் குறுக்கே
நானூறு பேர் தோளோடு தோள் ஒட்டி நிற்கவேண்டும்.
ஒவ்வொருவர் மடியிலும் கொஞ்சம் சிவப்பு மருந்து.
உரிய வீடு வரும்வரை
மடியை அவிழ்க்கக் கூடாது.

தலைமுடி என்று எழுதியதும்
சென்றாயன் ஞாபகம்.
எங்கள் ஆய்வகத்தில் குடுவை கழுவுபவர்,
சென்ட்ரிஃபியூஜ் சத்தம் மாறினால்
எனக்கு முன்பே எழுந்து ஓடுபவர்.
அவர் மனைவி மாதேஸ்வரிக்கு
பெரியாஸ்பத்திரியில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை
அந்தச் சிவப்புத் தண்ணி ஏறுகிறது.
அது முகவரி கேட்பதில்லை.
தெருவில் எல்லாக் கதவையும் உடைக்கிறது:
முடியின் வேர், நகக்கண், வாயின் உள்தோல்.
திருடன் வீட்டையும் உடைக்கிறது,
அதற்காகத்தான் பொறுத்துக்கொள்கிறார்கள்.

மே மாதம். ஏற்காட்டுப் பக்கம் கறுத்து
ஒரே காற்று.
ராத்திரி பதினொன்றுக்குக் கரண்ட் போனது,
யு.பி.எஸ். பத்து நிமிஷம் மூச்சுப் பிடித்துவிட்டு
அதுவும் போனது.
காந்தம் நின்றது.
காலையில் வந்தால் குடுவையின் அடியில்
மாக்னசைட் குவாரி மாதிரி வெள்ளை மேடு.
"மேடம், தயிர் ஆயிடுச்சு" என்றார் சென்றாயன்.
இரண்டு மாதம் கழித்துத்தான்
எனக்குச் சிரிப்பு வந்தது.

பதினான்காவது முறை.
பழைய பஸ் ஸ்டாண்ட் பிளாட்பாரத்தில் வாங்கிய
முப்பது ரூபாய் லேசரைக் குடுவைமேல் அடித்தேன்.
வெறும் நீராக இருந்தால் ஒளி தடம் காட்டாது.
இதில் ஒரு சிவப்புக் கோடு
இக்கரையிலிருந்து அக்கரைக்கு
நூல் பிடித்தாற்போல் நின்றது.
மெஷினில் எண்: நூற்றெண்பது நானோமீட்டர்.
பரவல் எண் புள்ளி இரண்டு.
நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"எங்கே மேடம்?"
"இதுக்குள்ளதான்."
குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
மறுபடியும் பார்த்தார்.
"இதை அவளுக்கு எப்போ போடலாம்?"

நான் விரல் விட்டு எண்ணத் தொடங்கினேன்.
முதலில் தட்டில் வளர்க்கும் செல்.
பிறகு எலி.
பிறகு அனுமதிக் கடிதம், பிறகு வேறு எலி,
பிறகு பணம், அதற்கு ஒரு கடிதம்,
பிறகு
ஒரு கை முடிந்து மறு கைக்குப் போனேன்.
பாதியில் அவரே என் கையைப் பார்த்துச் சொன்னார்:
"பரவாயில்ல, எலிக்கு முதல்ல நல்லாவட்டும்."
குத்தலாகச் சொன்னாரா, நிஜமாகவா,
எனக்கு இன்னும் தெரியாது.

போகும்போது அவர் பையிலிருந்து
ஒரு பொட்டலம் எடுத்துக் காட்டினார்.
செவ்வாப்பேட்டையில் வாங்கிய ஜவ்வரிசி.
வாயெல்லாம் புண், இட்லிகூட எரியுதாம்.
இதை ஊறவைத்து, குழையவிட்டு, மோரும் உப்பும் போட்டு
ஆறவைத்துக் கொடுத்தால்
ஒரு டம்ளர் உள்ளே போகிறதாம்.
வேறெதுவும் போவதில்லையாம்.

ஒரு மணியை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தேன்.
குறுக்களவு இரண்டு மில்லிமீட்டர்.
பரவல் எண் படுமோசம்.
ஒன்று பெரிது, ஒன்று சிறிது, ஒன்று உடைந்தது.
எந்த அனுமதியும் இல்லாமல்
இன்று ராத்திரி எட்டு மணிக்கு
அது அவளிடம் போய்ச் சேர்ந்துவிடும்.

ஐந்தரை பஸ்ஸுக்கு அவர் ஓடினார்.
நான் லேசரை அணைத்தேன்.
கோடு போய்விட்டது.
குடுவையில் இருந்தது
பார்க்கப் பச்சைத் தண்ணீர்.
மூடி, தேதி எழுதி,
ஃப்ரிட்ஜில் வைத்தேன்.