மூன்றாவது பத்தி

தடைக்காலம் அறுபத்தொரு நாள்.
கடலுக்கு ஓய்வு என்று பலகையில் எழுதியிருக்கும்.
விசைப்படகெல்லாம் கரையேறிக் கிடக்க
உடைந்த விசிறிகள் எங்கள் வாசலுக்கு வரும்.
பாறையில் மோதி இதழ் மடங்கியவை,
சிப்பி ஒட்டியவை,
வலைநூல் இன்னும் கழுத்தில் சுற்றியவை.
கடல் ஓய்வெடுக்கும் இரண்டு மாதமும்
வேதாளை சீனி நெய்னா பட்டறையில்
உலை அணைவதில்லை.

நான் ரெக்சலின். கணக்கு எழுதுகிறேன்.
பேரேட்டில் இரண்டு பத்தி:
உள்ளே வந்த பித்தளை,
வெளியே போன விசிறி.
நடுவில் காணாமல் போவதற்குச் சேதாரம் என்று பெயர்.
அப்படி எழுதிவிட்டால் அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.
நகைக்கடையிலும் அப்படித்தான்.

மூசையில் பித்தளை கொதிக்கும்போது
வெள்ளையாய் ஒரு புகை எழும்.
ஓட்டில் பஞ்சாய்ப் படியும், தொட்டால் உதிரும்.
கச்சான் வீசினால் ஊருக்கு,
வாடை வீசினால் கடலுக்கு.
ஊற்றிய இரவுகளில் பூமிராஜுக்குக் குளிர்க்காய்ச்சல்;
போர்வைக்குள் பல் கிட்டும்,
விடிந்தால் வேலைக்கு வந்துவிடுவார்.
அதை எந்தப் பத்தியில் எழுத?

கருமணல் தனிக்கதை.
அச்சை உடைத்து, வெந்த மணலை அள்ளி
ஓடைக்கரையில் கொட்டுவோம்.
பத்து வருசத்தில் அது ஒரு மேடு.
ஆடுகள் ஏறி நின்று கடல் பார்க்கும்.
ஐப்பசி மழைக்கு மேடு கொஞ்சம் குறையும்.
குறைந்தது எங்கே போனதென்று
முத்திருளாயி வந்து சொன்னாள்.

தலையிலிருந்த சாக்கைப்
பித்தளை நிறுக்கும் தராசில் இறக்கினாள்.
தீவோரம் முங்கி எடுத்துக்
கரையில் காயவைத்த பாசி.
"மண் கலப்புன்னு ஏவாரி திருப்பிட்டான்.
உதறிப் பாத்தேன், எங்க கரை மண்ணு இல்ல.
உங்க மண்ண உங்ககிட்டயே கொண்டாந்திருக்கேன்.
எடை போடு தாயி."

உதறிச் சலித்து நிறுத்தோம்.
மூன்று கிலோ நானூறு.
கை பழகிய தோஷம்,
பேரேட்டில் புதிதாய் ஒரு கோடிழுத்து
எழுதிவிட்டேன்.
தலைப்புக்கு என்ன போடுவதென்று தெரியாமல்
"போனது" என்று போட்டேன்.

பிறகு அந்தப் பத்தி என்னைச் சும்மா விடவில்லை.
விசிறியைக் கழித்து, கசடைக் கழித்து,
ஓட்டில் கூட்டிய தூளையும் கழித்துப் பார்த்தால்
போன தடைக்காலத்தில் மட்டும்
நூற்றுப்பத்து கிலோ
கூரை வழியே போயிருந்தது.
நெய்னா சிரித்தார்.
விலை போட்டுக் காட்டியதும்
சிரிப்பைப் பாதியில் நிறுத்தி
மூக்குக்கண்ணாடியைத் தேடினார்.
கடலைப் பற்றிப் பேசியிருந்தால்
டீ வாங்கித் தந்து அனுப்பியிருப்பார்.

முதலில் மூசைக்கு மூடி வந்தது.
பெயின்ட் அடித்ததை, ரப்பர் ஒட்டியதை
உலைக்கு முன்பே பிரித்துச் சுரண்ட இரண்டு பேர்.
மோட்டார் வைத்த சல்லடை ஒன்று;
வெந்த மணலில் பத்துக்கு எட்டு
மறுபடி அச்சுக்குப் போகிறது.
முதல் வாரம் விசிறியெல்லாம் குழி.
பூமிராஜ் சல்லடையைத் திட்டினார், என்னைத் திட்டினார்.
பிறகு களிமண்ணைக் கூட்டி, ஈரத்தைக் குறைத்து,
கைப்பிடி மணலை ஒடித்து ஒடித்துப் பார்த்து
வழிக்குக் கொண்டுவந்தார்.
இப்போதெல்லாம் காய்ச்சல் இல்லை என்கிறார்.
அவர் மனைவியிடம் கேட்க வேண்டும்.

மேடு இன்னும் இருக்கிறது.
செங்கல் சூளைக்காரர் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி
மூன்று மாதம்.
போர்த்திய தார்ப்பாயின் ஒரு மூலையைக்
காற்று தூக்கித் தூக்கிப் பார்க்கிறது.
புகைக்கு வடிகட்டிப் பை வைக்க விலை கேட்டதும்
நெய்னா கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

அடுத்த ஐப்பசி.
முத்திருளாயி சாக்கோடு வந்தாள்.
உதறி, சலித்து, நிறுத்தேன்.
எழுநூறு கிராம்.
"குறைஞ்சிருக்கு அக்கா" என்றேன்.

முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"தராசத் தட்டிவிட்டு
மறுபடி போடு."